மரகதம் என்னும் பெயர்

மரகதம் நவரத்தினங்களுள் ஒன்று. ஒளி ஊடுருவும் பச்சைக் கல். பெரில் என்ற கனிமத்தில் குரோமியமோ வனேடியமோ சிறிதளவு கலந்தால் இந்தப் பச்சை பிறக்கிறது.

சமஸ்கிருதத்தில் இது மரகத, கிரேக்கத்தில் ஸ்மரக்டோஸ். இரண்டுக்கும் மூலம், மின்னுதலைக் குறிக்கும் செமித்திய வேர் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஸ்பானியப் பெண்பெயரான எஸ்மெரால்டாவும் இதே வழியில் வந்தது. 1831இல் வெளிவந்த விக்டர் ஹியூகோவின் பாரிஸ் நாவலில் வரும் எஸ்மெரால்டாவும் நம் மரகதமும் பெயரால் அக்காள் தங்கைகள்!

தமிழர் இதைப் பெண்ணுக்குப் பெயராக வைத்ததில் அழகோடு பக்தியும் உண்டு. மதுரை மீனாட்சியின் திருமேனி நிறம் பச்சை. திருஈங்கோய்மலைக் கோயிலில் அம்பிகையின் பெயரே மரகதாம்பிகை. மரகதவல்லி என்பது மரகதம் என்ற பெயரின் நீண்ட வடிவம். ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மரகதம் சந்திரசேகர் இப்பெயரைப் பரவலாக அறியச் செய்தவர்.

சிங்கப்பூரில் தமிழ்ப் பெண்ணின் பெயரைத் தந்தையின் பெயரோடு 'டி/ஓ' என்ற குறி இணைக்கும். மகள் என்பது அதன் பொருள். குடும்பப் பெயர் இல்லாத வழக்கம் என்பதால், இடப்பட்ட பெயர்தான் அவளுக்கே உரிய அடையாளம். முத்து, மாணிக்கம், பவளம் என்ற மணிப்பெயர்களில் மாணிக்கம் பெரும்பாலும் ஆணுக்கு. மரகதமோ பெண்ணுக்கே உரியது. சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் நவரத்தின மோதிரத்தில் பதித்து விற்கப்படும் இந்தப் பச்சைக் கல், சோதிடத்தில் புதனுக்கு உரியது.