சி டிரைவில் இருக்கிறது ஊரின் எழுத்து

பரமத்தி வேலூரில் ஒரு அச்சகம். முன்னறைக் கண்ணாடி அலமாரியில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். பின்னறையில் ஒரு மேசைக் கணினி: மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்தால்தான் திரை முழுசாக வருகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. உரிமையாளர் அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்கிறார்.

“ஏனுங்க, நல்லாத்தானுங்க ஓடுது. எதுக்குங்க மாத்தோணும்?” என்று கேட்டார்.

பழைய கணினியைப் புது விண்டோஸுக்கு ஏற்றுவது எப்படி என்று எழுதத்தான் போயிருந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுங்கள், இருக்கிற ரேமை 8 ஜி.பி. ஆக்குங்கள். இந்த இரண்டைச் செய்தாலே டீ குடிக்கிற நேரம் அரை நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். விண்டோஸ் 11 கதை வேறு. அதற்கு இன்டெல் என்றால் 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும், டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். பரமத்தி வேலூரில் நான் பார்த்த கடைக் கணினிகளில் பாதிக்கு மேல் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன. இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டவைத்துப் போட்டுத் தருகிற மெக்கானிக்குகள் உண்டு. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று யாரும் உறுதி தருவதில்லை. கோர் 2 டூவோ காலத்துப் பெட்டிக்கு அந்த வழியும் இல்லை; அதன் பிராசஸருக்குத் தெரியாத சில கட்டளைகளை 2024-இல் வந்த பதிப்பு கேட்கிறது. விண்டோஸ் 10-லேயே இருக்கிறவர்களுக்கு, தனிநபர் கணினி என்றால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு நீட்டிப்பு அறிவித்திருக்கிறார்கள். லினக்ஸ் மின்ட் போன்றவை பழைய ஐ3-இல் நன்றாகவே ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது தமிழக அரசு தன் துறைகளை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னதை அரசு ஊழியர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவையும் அச்சகக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மவுஸை நகர்த்தி ஒரு ஃபோல்டரைத் திறந்தார். 2003 முதல் வருஷவாரியாக, மாதவாரியாக ஆயிரக்கணக்கான பேஜ்மேக்கர் கோப்புகள். கல்யாணம், காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, வெல்ல மண்டிக்கும் வாழைக்காய் மண்டிக்கும் பில் புத்தகம்.

“இதுல இருக்கறது பூரா நம்மூர்க்காரங்க பொறந்தது, கட்டுனது, செத்ததுங்க.”

கொங்கு நாட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் படித்தவர்களுக்கு அவர் சொல்வது புரியும். அதில் மணமக்கள் பெயர் மட்டுமா இருக்கிறது? எந்தக் கூட்டம், எந்த ஊர்க் காணி, அப்பாரு யார், அப்பிச்சி அம்மிச்சி யார், தாய்மாமன் எந்தத் தோட்டம், பங்காளிகள் யார் யார் என்று பக்கம் முழுக்க ஓடும். பாண்டமங்கலத்திலும் பொத்தனூரிலும் ஜேடர்பாளையத்திலும் இருபது வருஷமாக யார் யாருக்குச் சம்பந்தி ஆனார்கள் என்பதற்கு இந்தக் கணினியைப் போல ஒரு ஏடு வேறு எங்கும் இல்லை. அச்சடித்த பத்திரிகையைக் கல்யாணம் முடிந்ததும் பழைய பேப்பரோடு போடுகிறோம். மூலம் இங்கேதான் கிடக்கிறது.

அந்த மூலம் தமிழ் எழுத்தில் இல்லை. எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதன் கடைசிப் பெரிய பதிப்பு வந்தது 2001-இல். அதில் தமிழ் அடிக்க, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்துவைத்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். அவற்றில் ஒன்றான பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். பாமினி எழுத்துரு கணினியில் இருக்கிறவரை அது தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் யாருக்கும் புரியாத ஆங்கிலக் குப்பை. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனித்தனி வரிசை வைத்துக்கொண்டதால் ஒன்றுக்கு இன்னொன்று உதவாது. தரப்படுத்த 1999-இல் டாம், டாப் என்ற குறியீட்டு முறைகள் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அச்சகங்களோ கையில் பழகிய எழுத்துருவிலேயே தங்கிவிட்டன.

இந்த எழுத்துருக்கள் எங்கே இருக்கின்றன? சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். கோப்புகளோ டி டிரைவில். புது விண்டோஸ் போட வருகிற பையன் “டி-யில இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணா” என்று சொல்லிவிட்டு சி-யை ஃபார்மட் செய்வான். அவன் பொய் சொல்லவில்லை. கோப்புகள் பத்திரமாகவே இருக்கும், ஆனால் அவற்றைப் படிக்கும் சாவி போயிருக்கும். பக்கத்து ஊர் அச்சகம் ஒன்றில் இப்படித்தான் ஆயிற்று என்றார் அச்சகக்காரர். ஏழெட்டு வருஷத்துக் கோப்புகள், எந்த எழுத்துரு என்று அடித்தவருக்கே நினைவில்லாத பெயர்களோடு நிற்கின்றனவாம். சில தமிழ் மென்பொருள்களுக்கு டாங்கிள் பூட்டு வேறு இருந்தது. அதைச் செருகிய பேரலல் போர்ட் புது மதர்போர்டுகளில் இருப்பதில்லை.

பழைய சிஸ்டத்தில் காசைப் போடுவது வீண், புதிதாக ஒன்று வாங்கிவிடுவதே மேல் என்கிறார்கள் ஹார்டுவேர் கடைக்காரர்கள். வைரஸ் பயத்தை வைத்துப் பார்த்தால் அதிலும் நியாயம் உண்டு. வாங்குங்கள். ஆனால் அதற்கு முன் மூன்று நாள் ஒதுக்குங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

எழுத்துரு ஃபோல்டரை முழுசாக இரண்டு இடத்தில் நகலெடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்ய விடாதீர்கள், புது எஸ்.எஸ்.டி.யில் புது விண்டோஸ் ஏறட்டும், பழையது அப்படியே கழற்றப்பட்டு அலமாரிக்குப் போகட்டும். முக்கியமான கோப்புகளை எழுத்துருவோடு சேர்த்து பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள். எழுத்துரு தொலைந்தாலும் பக்கம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அதில் பெயரைத் தேட முடியாது. அதனால் எழுத்தைத் தனியாக எடுத்து யூனிகோடாக மாற்றவும் வேண்டும். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. லிப்ரே ஆபிஸ் 2015 முதலே பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கிறது. எழுத்தை மாற்றும் வேலை மட்டும் நம்முடையது.

அன்றைக்கே ஒன்றைச் சோதித்துப் பார்த்தோம். 2003 தை மாதத்துக் கல்யாணம் ஒன்று. பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால்தான் கொம்பு. மாற்றி மென்பொருள் அதைச் சரியாகவே திருப்பிப் போட்டது. ‘ஸ்ரீ’ மட்டும் இரண்டு இடத்தில் உடைந்து வந்தது. உரிமையாளரின் அம்மா, அந்தக் கல்யாணத்துக்கு அச்சடித்த பத்திரிகையைப் பழைய கட்டிலிருந்து உருவி வந்து, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். இவர் திரையைப் பார்த்துக்கொண்டே ஆமாம் போட்டார். தாய்மாமன் பெயர் வந்ததும் அந்த அம்மா நிறுத்தினார். “இவரு போன ஐப்பசியில தவறிட்டாருங்க. அஞ்சலி நோட்டீஸும் நாமதான் அடிச்சோம்.”

அந்த நோட்டீஸும் அதே ஃபோல்டரில்தான் இருந்தது.

எஸ்.எஸ்.டி. வாங்கியாயிற்று, இன்னும் டப்பாவைப் பிரிக்கவில்லை என்று போன வாரம் போனில் சொன்னார். ராத்திரி கடை சாத்தியபிறகு ஒரு மணி நேரம் மாற்றுகிறாராம்.

“2006 ஆடி வரைக்கும் வந்துட்டனுங்க. முடியட்டும், அப்பறம் போட்டுக்கலாமுங்க.”