நேராக வெட்டிய பட்டை ஏன் வளைகிறது?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவு ஒன்றுக்குள் அடங்கிக் கிடக்கும் சிற்றூர் ஜீஸ் பெண்ட். அவ்வூர்க் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளை வெட்டிச் சேர்த்துத் தைத்த 'கில்ட்' போர்வைகளுக்கு 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலைகளே வெளியிட்டது. நீளப் பட்டைகளை மட்டும் பக்கம் பக்கமாகச் சேர்க்கும் வடிவத்தை அவர்கள் 'சோம்பேறிப் பெண்' என்பார்கள். முக்கோணம் இல்லை, பூவேலை இல்லை. பார்த்தால் சுலபம்தான்.

மெஷினில் உட்கார்ந்தால் தெரியும். ஒரே அளவில் வெட்டிய இரண்டு பட்டைகளை ஒரு நுனியில் சரியாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டே போனால், மறுநுனியில் மேல்பட்டை நகக்கண் அளவு நீட்டிக்கொண்டு நிற்கும். நான் முதலில் தைத்த போர்வையில் 20 பட்டைகள். தரையில் விரித்தபோது செவ்வகமாக இல்லை, வில்லாக வளைந்து கிடந்தது. வெட்டியதில்தான் பிழை என்று எண்ணி, மூன்று தையலைப் பிரித்து அளந்து பார்த்தேன். வெட்டு சரியாகவே இருந்தது.

முதல் காரணம் துணியிலேயே இருக்கிறது. துணிக்கு மூன்று விதமான குணம் உண்டு. தறியில் பாவு நூல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஊடை நூல் அதன் மேலும் கீழுமாக நெளிந்து போகும். அந்த நெளிவு நிமிர இடம் இருப்பதால், அகலவாட்டில் துணி கொஞ்சம் நீளும். கரையை ஒட்டிய நீளவாட்டில் அவ்வளவாக நீளாது. மூன்றாவதுதான் ஆபத்தானது: குறுக்குச் சாய்வு, தையற்காரர்கள் 'கிராஸ்' என்பது. ஒரு பருத்திக் கைக்குட்டையை எடுத்து எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், ரப்பர் போல் வரும். இத்தனைக்கும் எந்த நூலும் நீளவில்லை. பாவும் ஊடையும் சந்திக்கும் இடங்கள் கத்தரிக்கோலின் திருகாணி போல் திரும்புகின்றன. குட்டிக் குட்டிச் சதுரங்கள் சாய்சதுரங்களாகின்றன. 90 டிகிரி கோணம் 80 டிகிரியாகச் சாய்ந்தால் போதும், மூலைவிட்டம் சுமார் 8 சதவீதம் நீண்டுவிடும். ஒரு மீட்டர்ப் பட்டையில் அது 8 சென்டிமீட்டர்!

கோடு போட்ட துணி வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நெய்த கோடு நூலோடு ஓடும். அச்சடித்த கோடு நூலை விட்டு விலகிச் சாய்ந்திருக்கலாம். அதைப் பார்த்தே வெட்டினால், கண்ணுக்கு நேராகவும் நூலுக்குச் சாய்வாகவும் ஒரு பட்டை கைக்கு வரும்.

அடுத்தது மெஷின். ஊசிக்குக் கீழே உள்ள பல் கீழ்த்துணியை முன்னே தள்ளுகிறது. மேலே அழுத்தும் பாதமோ மேல்துணியைப் பிடித்து நிறுத்துகிறது. கீழ்த்துணி முந்துகிறது, மேல்துணி மிஞ்சுகிறது. தையலுக்கு 2 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 20 பட்டைகளுக்கு 19 தையல், எல்லாமே ஒரே திசையில் போனால் 38 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை அங்குலம்.

இந்தக் காரணத்திலேயே மருந்தும் இருக்கிறது. ஒரு தையலை மேலிருந்து கீழாகப் போட்டால் அடுத்ததைக் கீழிருந்து மேலாகப் போடுங்கள். ஒன்றின் இழுப்பை மற்றது ஈடுகட்டும். எளிதில் நீளும் பட்டையை எப்போதும் கீழே வையுங்கள், மிச்சத்தைப் பல்லே உள்வாங்கிக்கொள்ளும். இரு நுனியிலும் நடுவிலும் முதலில் குண்டூசி குத்திவிட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்புங்கள். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் 'வாக்கிங் ஃபுட்' கிடைத்தால் இன்னும் நல்லது.

இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்கவே கூடாது. ஈரமும் சூடும் சேர்ந்தால் பருத்தி இழைக்குள் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து, காயும்போது புது வடிவத்தில் மறுபடி இறுகும். இழுத்த வளைவு அப்படியே நிலைத்துவிடும். பெட்டியை வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது கஞ்சி. காய்ந்த மாவுச்சத்து, நூல்கள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்தையும் ஒட்டிப் பிடிக்கிறது. சதுரம் சாய வழியில்லை. மொடமொடவென்று நிற்கும் துணி காகிதம் போல் வெட்டுப்படும். ஆனால் வெட்டிய பட்டையில் கஞ்சி போட்டால், நனைந்து சுருங்கி அளவு மாறிவிடும். ஆகவே முழுத் துணியையும் முதலில் அலசி, கஞ்சி போட்டு, நன்றாகக் காயவிடுங்கள். கத்தரியை அதன் பிறகு எடுங்கள்.