பெட்டகம் மட்டும் போதாது

ஒருவர் தமது சொத்தைப் பிள்ளைகளுக்கு மரணசாசனம் மூலம் எழுதி வைத்தாலும், அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது நீதிமன்றத்தின் ஊடாகவே அவர்களைச் சென்றடைகிறது. இந்த மரணசாசன வழக்கு காலத்தையும் பணத்தையும் ஒருங்கே விழுங்குவதாகும். கலிபோர்னியாவில் பத்து இலட்சம் டொலர் பெறுமதியான வீட்டுக்குச் சட்டம் நிர்ணயித்துள்ள சட்டத்தரணிக் கட்டணம் 23,000 டொலர். சாசனத்தை நிறைவேற்றுபவரும் அதே அளவு தொகையைக் கோரலாம். வீட்டின் மீதுள்ள வங்கிக்கடன் இக்கணக்கில் கழிக்கப்படுவதில்லை.

இதனைத் தவிர்ப்பதற்கே அங்கு பலர் வாழ்நாள் நம்பிக்கைப் பொறுப்பை நாடுகின்றனர். சொத்தின் உரிமையாளரே அதனை ஏற்படுத்தி, தாமே அதன் பொறுப்பாளராகவும் இருக்கிறார். தமக்குப் பின் பொறுப்பேற்பவரையும் பயனாளிகளையும் அதிலேயே பெயர் குறித்து நியமிக்கிறார். தெளிந்த சிந்தையுடன் வாழும் காலம் முழுவதும் அதனைத் திருத்தலாம். முற்றாக மீளப்பெறவும் செய்யலாம். அவர் மறைந்ததும் அடுத்த பொறுப்பாளர், நீதிமன்றத்தை நாடாமலே சொத்தைப் பகிர்ந்தளிக்கிறார்.

ஆனால் பலர் தவறுவது இதற்கு அடுத்த படியிலாகும். ஆவணத்தில் கையொப்பமிட்டதோடு கடமை முடிந்ததென எண்ணிவிடுகின்றனர். சொத்து மாற்றப்படாத நம்பிக்கைப் பொறுப்பு வெறும் பெட்டகமே. வீட்டுக்குப் புதிய உறுதி எழுதி, பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். வங்கிக் கணக்குகளையும் பங்குகளையும் பொறுப்பாளரின் பெயருக்கு மாற்ற வேண்டும். தாம் குடியிருக்கும் வீட்டை இவ்வாறு மாற்றுவதைக் காரணம் காட்டி வங்கி கடனை உடனே திருப்பிக் கேட்பதை 1982ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குகள் இதற்கு விதிவிலக்கு. அவற்றை மாற்றினால் முழுத்தொகையையும் மீளப்பெற்றதாகக் கருதி வரி விதிக்கப்படும். ஆகவே அவற்றில் பயனாளியின் பெயரை மட்டும் உரியவாறு குறிப்பிட வேண்டும்.

பாடகர் மைக்கல் ஜக்சன் தமது குடும்பத்துக்கென நம்பிக்கைப் பொறுப்பொன்றை ஏற்படுத்தியிருந்தார். எனினும் சொத்துக்களை அதற்கு உரியவாறு மாற்றி வைக்கவில்லை. 2009இல் அவர் மறைந்தபோது அவை 2002ஆம் ஆண்டின் மரணசாசனத்தின் கீழ் லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்துக்குச் சென்றன. பத்தாண்டுகளைக் கடந்தும் வழக்கு நீடித்தது.

இந்த ஏற்பாடு எதையெல்லாம் செய்யாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். இதனை ஏற்படுத்தியவர் வாழும் வரை வருமான வரி குறையாது; கடன்காரரிடமிருந்து பாதுகாப்பும் கிடையாது.

எமது வாசகர்களின் உறவினர் பலர் அந்நாட்டில் வாழ்வதால் இன்னொன்றையும் கூறுவது அவசியம். அங்கு எழுதும் ஆவணத்தின் அட்டவணையில் யாழ்ப்பாணத்துக் காணியையும் சேர்த்துவிட்டால் மட்டும் அது கைமாறிவிடாது. இலங்கையில் காணியைக் கைமாற்றுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில் நிறைவேற்றப்பட்ட உறுதி வேண்டும். அதற்கு இங்குள்ள சட்டத்தரணி ஒருவரைத் தனியாக நாடுவதே முறை.

பிள்ளைகள் நீதிமன்ற வாசலில் காத்திருக்கக்கூடாது என விரும்பும் பெற்றோர், ஆவணத்தை எழுதிய கையோடு ஒவ்வொரு சொத்தும் எவர் பெயரில் உள்ளதெனச் சரிபார்த்துவிட வேண்டும்.