டியூ தேதி தவறிய பூகம்பம்!

கலிஃபோர்னியாவில் பார்க்ஃபீல்ட் என்று ஒரு குட்டி ஊர். அங்கே ஒரு பாலம். அதன் ஒரு கரை பசிபிக் தட்டின் மேல், மறு கரை வட அமெரிக்கத் தட்டின் மேல். நடுவே ஓடுவதுதான் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு. நீளம் சுமார் 1,200 கிலோமீட்டர். நேராகக் கட்டிய பாலம் இப்போது லேசாக வளைந்து நிற்கிறது. கான்ட்ராக்டரைத் திட்டாதீர்கள். பாவம், நகர்வது பூமி!

வேகம் என்ன தெரியுமா? வருஷத்துக்குச் சுமார் 35 மில்லிமீட்டர். ஏறக்குறைய உங்கள் விரல் நகம் வளர்கிற வேகம். 'இதுக்கா இவ்வளவு பயம்?' என்பீர்கள். பிளவு எல்லா இடத்திலும் நைஸாக நழுவிக்கொடுப்பதில்லை. பல இடங்களில் பாறையும் பாறையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, நகரமாட்டேன் என்று அடம் பிடிக்கின்றன. தட்டுகளோ தள்ளுவதை நிறுத்துவதில்லை. பாறை பிளாஸ்டிக் ஸ்கேல் மாதிரி வளைந்துகொண்டே போய், ஒரு நாள் பட்டென்று நழுவி நிமிர்கிறது. அந்த உதறல்தான் பூகம்பம். 1906-ல் சான்பிரான்சிஸ்கோவில் சுமார் 3,000 பேர் உயிரைக் குடித்த பூகம்பத்தை ஆராய்ந்துதான் ஹாரி ஃபீல்டிங் ரீட் இந்த விளக்கத்தைச் சொன்னார்.

பி.காம். படித்த எனக்கு இது ஆர்.டி. கணக்கு மாதிரி தெரிகிறது. வருஷா வருஷம் 35 மில்லிமீட்டர் கட்டினால் மெச்சூரிட்டி தேதியைச் சொல்லிவிடலாமே?

விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். பார்க்ஃபீல்டில் பூகம்பம் வந்த வருஷங்கள்: 1857, 1881, 1901, 1922, 1934, 1966. சராசரி இடைவெளி 22 வருஷம். 1966-உடன் கூட்டினால் 1988! '1993-க்குள் வந்துவிட 95 சதவிகிதம் வாய்ப்பு' என்று 1985-ல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையே அறிவித்தது. ஊரைச் சுற்றி விதவிதமான கருவிகளைப் பொருத்திவிட்டுக் காத்திருந்தார்கள். 1934, 1966 இரண்டு தடவையும் பெரிய ஆட்டத்துக்கு 17 நிமிஷம் முன்னால் ஒரு சின்ன ஆட்டம் வந்திருந்தது. இந்தத் தடவையும் அது வரும் என்று நம்பிக்கை.

1988 போச்சு. 1993-ம் போச்சு. ஆசாமி 2004 செப்டம்பர் 28-ம் தேதி சாவகாசமாக வந்து சேர்ந்தார்! அளவு 6.0. இடம் சரி, சைஸும் சரி. ஆனால், அந்த 17 நிமிஷ முன்னோட்டம் கிடையாது. 1966-ல் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிழித்துக்கொண்டு போன பிளவு, இந்தத் தடவை எதிர்ப்பக்கமாகக் கிழித்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

அதோடு விட்டார்களா? பக்கத்திலேயே சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, 2007-ல் பிளவுக்குள்ளிருந்தே பாறையை எடுத்து வந்தார்கள். அதில் இருந்தது ஒரு வகை வழவழ களிமண். சில இடங்களில் பிளவு சத்தமில்லாமல் நழுவுகிற ரகசியம் அதில்தான்.

சரி, தேதி தெரியாத படிப்பால் என்ன லாபம்? அட்ரஸ் தெரியுமே! கலிஃபோர்னியாவில் 1972-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பிளவு எங்கே ஓடுகிறது என்று மேப் போட்டு, உயிருள்ள பிளவின் தலைமேல் மனிதர்கள் குடியிருக்கும் கட்டடம் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பூகம்பம் 1988-ல் வந்தாலும் 2004-ல் வந்தாலும், தள்ளிக் கட்டிய வீட்டை அது இரண்டாகப் பிளக்கப்போவதில்லை. ஆட்டம் மட்டும் வரும். அதற்குத்தான் கம்பி, சிமென்ட் கணக்கெல்லாம்.

ஆகவே, 'அடுத்த செவ்வாய்க்கிழமை பூகம்பம் வருதாம் சார்!' என்று ஆபீஸில் யாராவது கிசுகிசுத்தால் அலட்டிக்கொள்ளாதீர்கள். அத்தனை கருவிகளோடு காத்திருந்தவர்களுக்கே அது சொல்லிக்கொண்டு வரவில்லை. புது ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது மட்டும், டைல்ஸ் கலரை விசாரிப்பதற்கு முன்னால், பூகம்பத்தைத் தாங்குகிற மாதிரி கட்டியிருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்!