ஜெர்மன் வணிக மென்பொருட் சொற்களின் ஆங்கில ஆக்கம்: பலபொருள் ஒருசொல் நோக்கில்

முன்னுரை

கணக்கு, கொள்முதல், உற்பத்தி, விற்பனை முதலிய வணிகச் செயல்களைக் கையாளும் மென்பொருள்களுள் குறிப்பிடத்தக்க சில ஜெர்மனியில் தோன்றியவை. நூரம்பர்க்கில் வரி ஆலோசகர்கள் 1966இல் தொடங்கிய டாட்டெவ், ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஐவர் 1972இல் தொடங்கிய எஸ்ஏபி ஆகியவற்றைச் சான்றாகச் சுட்டலாம். இத்தகைய மென்பொருள்களின் சொற்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது எழும் பொருள்மயக்கத்தையும் அதனை நீக்கும் முறையையும் தொல்காப்பியத்தின் பலபொருள் ஒருசொல் பாகுபாட்டின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திரைச்சொல்லின் தனிநிலை

தொல்காப்பியக் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை வினைவேறுபடுவது, வினைவேறுபடாதது என இருவகைப்படுத்துகிறது. முன்னதன் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவுறும். பின்னதனை வெளிப்படக் கிளந்து கூறல் வேண்டும். ‘மா பூத்தது’ எனின் மரமென்பதை வினையே காட்டும். ‘மா வீழ்ந்தது’ எனின் மரமோ விலங்கோ என்னும் ஐயம் எழும். ‘மாமரம் வீழ்ந்தது’ எனக் கிளந்தால் ஐயம் நீங்கும்.

மென்பொருளின் திரைச்சொல் பெரும்பாலும் தொடரில் அமைவதில்லை. ஒரு கட்டத்தின் தலைப்பில் தனிப்பெயராக நிற்கிறது. வினையின் துணை அதற்கு இல்லை. மொழிபெயர்ப்பாளரிடம் சொற்பட்டியல் மட்டும் தரப்படுமாயின் இனமும் சார்பும்கூட மறைந்துவிடுகின்றன. மயக்கத்தின் முதற்காரணம் இதுவே.

ஸோல்

‘ஸோல்’ என்னும் ஜெர்மன் சொல் கடப்பாட்டை உணர்த்தும் வினையோடு தொடர்புடையது. கணக்கியலில் ‘ஹாபன்’ என்பதற்கு இணையாக நிற்கும்போது அது பற்று, ஹாபன் வரவு. திட்டமிடலில் ‘இஸ்ட்’ என்பதற்கு இணையாக நிற்கும்போது அது இலக்களவு, இஸ்ட் உண்மையளவு. எனவே ஆங்கிலத்தில் முதலிடத்தில் ‘டெபிட்’ என்றும் இரண்டாமிடத்தில் ‘டார்கெட்’ என்றும் பெயர்த்தல் வேண்டும். இங்குப் பொருளைத் தெளிவிப்பது உடன்நிற்கும் இணைச்சொல், அதாவது இனம். இணைச்சொல்லைக் காணாது பெயர்ப்பவர் பற்றினை இலக்காக்கிவிடக்கூடும்.

மாண்டண்ட்

‘மாண்டண்ட்’ என்பது வழக்கறிஞரிடமோ வரி ஆலோசகரிடமோ தம் பணியை ஒப்படைப்பவரைக் குறிக்கும். வரி ஆலோசகருக்கான மென்பொருளில் அதனைக் ‘கிளையண்ட்’ எனப் பெயர்ப்பது பொருந்தும். எஸ்ஏபி அமைப்பிலோ அச்சொல், ஒரே நிறுவலுக்குள் தனித்த தரவுகளோடு இயங்கும் தன்னிறைவான அலகினைக் குறிக்கிறது. அதற்கும் ஆங்கிலத்தில் ‘கிளையண்ட்’ என்ற சொல்லே வழங்கலாயிற்று.

1992இல் வெளிவந்த ஆர்/3 மென்பொருள் கிளையண்ட்–சர்வர் கட்டமைப்பில் அமைந்தது. அதனால் வழங்கியிடம் சேவை கோரும் கணினி, பொதுவழக்கிலுள்ள வாடிக்கையாளர், தரவலகு ஆகிய மூன்றும் ஓர் ஆங்கிலச் சொல்லுள் அடங்கின. மூலத்தில் இருந்த மயக்கத்தோடு பெயர்ப்பு மொழியின் மயக்கமும் சேர்ந்துகொண்டது. தரவலகு என்னும் பொருளுக்குப் பிற மென்பொருள்களில் வழங்கும் ‘டெனண்ட்’ என்ற சொல் இம்மயக்கத்தைப் பெரிதும் தவிர்க்கிறது.

ஆஃப்ட்ராக், பெஷ்டெல்லுங்

மயக்கம் மூலத்தில் இல்லாதிருந்தும் பெயர்ப்பில் தோன்றுவதுண்டு. எஸ்ஏபி அமைப்பில் பிறரிடமிருந்து பொருள் வாங்க நிறுவனம் அனுப்பும் ஆணை ‘பெஷ்டெல்லுங்’. வாடிக்கையாளரிடமிருந்து பெறும் ஆணை ‘குண்டன்ஆஃப்ட்ராக்’. உற்பத்திக்கு இடும் ஆணை ‘ஃபெர்டிகுங்ஸ்ஆஃப்ட்ராக்’. இவை அனைத்தையும் ‘ஆர்டர்’ என்று மட்டும் பெயர்த்தால் வாங்குவதும் விற்பதும் வேறுபாடின்றிப் போகும். பணம் தரவேண்டியதா, பெறவேண்டியதா என்பதும் விளங்காது. ஆகவே ‘பர்ச்சேஸ் ஆர்டர்’, ‘சேல்ஸ் ஆர்டர்’, ‘புரொடக்‌ஷன் ஆர்டர்’ என அடைகொடுத்துக் கிளத்தல் இன்றியமையாதது. ‘ஆஃப்ட்ராக்’ எனத் தனித்து வருமிடத்தில், அது எப்பிரிவின் திரையில் உள்ளது என்னும் சார்பினை அறிந்த பின்னரே அடையினைத் தேர்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட மூன்று சான்றுகளும் மூவேறு நிலைகளைக் காட்டுகின்றன. ஸோல் இனத்தால் தெளிகிறது. மாண்டண்ட் பெயர்ப்புச் சொல்லால் மேலும் மயங்குகிறது. ஆஃப்ட்ராக் சார்பாலும் அடையாலும் தெளிவு பெறுகிறது. எனவே சொல்லுக்குச் சொல் காண்பதற்கு முன், அச்சொல் நிற்கும் திரை, உடன்நிற்கும் சொல், அதன்வழி நிகழும் வணிகச்செயல் ஆகியவற்றை அறிதல் வேண்டும்.

இது தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கும் உரியது. ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்டு ‘கிளையண்ட்’ என்பதை ‘வாடிக்கையாளர்’ எனப் பெயர்த்தால், தரவலகு ஒன்று மனிதராக மாறிவிடும். பற்று, இலக்கு எனத் தமிழில் வேறுவேறு சொற்கள் உள்ள இடங்களில் மூலக் கருத்தினை நேரே நோக்கின், ஆங்கிலத்தின் மயக்கத்தைத் தமிழ் சுமக்க வேண்டுவதில்லை.