அடுப்புப் புகையும் நிலக்கரித் தூசும்

நுரையீரல் நோய் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சிகரெட்தான். "எங்கட வீட்டுப் பொம்பிளையள் யாரும் சிகரெட் குடிக்கிறதில்ல, எங்களுக்கு என்ன பயம்?" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் சிகரெட்டைத் தொடாதவரின் நுரையீரலும் கறுத்துப் போகலாம். அதற்கு நிலக்கரிச் சுரங்கம் ஒரு சாட்சி. நமது குசினி இன்னொரு சாட்சி. உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவி என்ற வகையில், இவ்விரண்டையும் பற்றி நான் அறிந்துகொண்டவற்றைத் தோழிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் நமது உடல் தூசை எப்படித் தடுக்கிறது என்று பார்ப்போம். மூக்கிலுள்ள மயிர்கள் பெரிய தூசுகளைப் பிடித்துக்கொள்கின்றன. அதைத் தாண்டி வருபவை வாதனாளியிலும் அதன் கிளைகளிலும் உள்ள சீதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கே இருக்கும் நுண்ணிய பிசிர்கள் ஓயாமல் அசைந்து, அந்தச் சீதத்தைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன. நாம் இருமித் துப்புவது இதைத்தான்.

ஆனால் மிகச் சிறிய தூசு இந்தக் காவல்களுக்கு அகப்படுவதில்லை. ஏறத்தாழ 5 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த துணிக்கைகள், அதாவது தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கும் இல்லாதவை, சுவாசச் சிற்றறைகள் வரை சென்றுவிடுகின்றன. ஒட்சிசன் குருதியில் கலப்பது இங்கேதான். இங்கு பிசிர்கள் இல்லை. தின்குழியங்கள் மட்டுமே காவலுக்கு நிற்கின்றன. அவை கிருமியை விழுங்கினால் சமிக்கச் செய்து அழித்துவிடும். கரித்துகளை விழுங்கினால் சமிக்கச் செய்ய முடியாது. துகள் நிறைந்த குழியங்கள் சேதமடையும்போது அவற்றிலிருந்து வெளிவரும் பதார்த்தங்கள் அழற்சியை உண்டாக்குகின்றன. காயம் ஆறிய இடத்தில் தழும்பு விழுவதுபோல, நுரையீரலுக்குள்ளும் நார்த்தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த இடம் விரிந்து சுருங்காது. அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றுவரை இல்லை.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு வரும் நியூமோகோனியோசிஸ் என்ற நோய் இதுதான். மக்கள் அதைக் 'கருநுரையீரல்' என்று அழைத்தார்கள். 1831ஆம் ஆண்டிலேயே ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜே. சி. கிரெகரி என்ற மருத்துவர், இறந்துபோன ஒரு சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் முழுவதும் கறுத்திருந்ததைக் கண்டு எழுதிவைத்தார். ஆனாலும் நிலக்கரித் தூசு பெரிய தீங்கில்லை என்றே நீண்டகாலம் நம்பப்பட்டது. தென் வேல்ஸ் சுரங்கங்களில் 1937 முதல் 1942 வரை நடந்த விரிவான ஆய்வுகளின் பின்னர், 1943இல்தான் பிரித்தானியா இந்நோய்க்கு நட்டஈடு வழங்க ஏற்பாடு செய்தது. கிரெகரி எழுதியதற்கும் இதற்கும் இடையில் 112 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்வளவு தாமதத்துக்கு ஒரு காரணம், அந்த இருமல் எல்லோருக்கும் பழகிப்போயிருந்ததுதான். 'சுரங்கக்காரனின் தொய்வு' என்று அதற்கு ஒரு பெயரும் இருந்தது. பெயர் வைத்தாயிற்று, பிறகென்ன? சுரங்கத்தில் வேலை செய்பவன் இருமுவான், இளைப்பான், அது அந்தத் தொழிலோடு வருவது என்று விட்டுவிட்டார்கள்.

ஐக்கிய அமெரிக்காவில் இந்த எண்ணத்தை மாற்றியவர்கள் தொழிலாளர்களே. 1968 நவம்பரில் மேற்கு வேர்ஜீனியாவின் பார்மிங்டன் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் 78 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், கருநுரையீரலுக்கு நட்டஈடு கேட்டு அம்மாநிலத்தில் சுமார் 40,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1969 டிசம்பரில் நாடு முழுவதற்குமான சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. ஒரு கனமீற்றர் காற்றில் எத்தனை மில்லிகிராம் தூசு இருக்கலாம் என்பதை அது எண்ணிக்கையில் சொன்னது: முதலில் 3, சில ஆண்டுகளில் 2.

தொழிலாளியைப் பார்த்து "கவனமாக மூச்சு விடு" என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. காற்றை அளந்து பார் என்று சுரங்க முதலாளிக்குச் சொன்னது. வெட்டும் இடத்தில் நீர் தெளித்தார்கள், காற்றோட்டத்தைக் கூட்டினார்கள். நோய் பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தது. பின்னர், மெல்லிய நிலக்கரிப் படைகளை எடுப்பதற்காகப் பாறையையும் சேர்த்து வெட்டியபோது, சிலிக்காத் தூசும் கலந்து நோய் மீண்டும் தலைதூக்கியது. வேர்ஜீனியாவின் மூன்று சிகிச்சை நிலையங்களில் மட்டும் 2013 முதல் 2017 வரை மிகக் கடுமையான நிலையில் 416 பேர் கண்டறியப்பட்டனர். காவல் தளர்ந்தால் தூசு திரும்பி வரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இனி நமது குசினிக்கு வருவோம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான வீடுகளில் விறகே சமையலுக்குப் பயன்பட்டது. 2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது, விறகை மறந்திருந்த பட்டணத்து வீடுகளிலும் அடுப்புக்கல் வைக்கப்பட்டதை நாம் எல்லோரும் கண்டோம்.

விறகுப் புகையில் மிக நுண்ணிய கரித்துகள்களும் காபனோரொட்சைட்டும் எரிச்சலூட்டும் வேறு வாயுக்களும் உண்டு. அது பிசிர்களின் வேலையைக் கெடுக்கிறது, சீதத்தைப் பெருக்குகிறது, சுவாசக் குழாய்களை ஒடுக்குகிறது. பல ஆண்டுகள் சென்றதும் இது நாட்பட்ட சுவாசத்தடை நோயாகிறது. சுரங்க நோயும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் புகை நிறைந்த வீடுகளில் வாழ்நாள் முழுவதும் சமைத்த பெண்களின் நுரையீரலில், சுரங்கத் தொழிலாளியினுடையதைப் போன்ற கரிப்படிவை மருத்துவர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அதற்குக் 'குடிசை நுரையீரல்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையால் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் பலர்.

எனது உம்மும்மா நாற்பது வருடங்களுக்கு மேலாக விறகடுப்பில் சமைத்தவர். நோன்பு காலத்தில் சஹருக்கும் அடுப்பு, நோன்பு திறக்கக் கஞ்சிக்கும் அடுப்பு. படி ஏறினால் இளைப்பார். "வயசு போனா இளைக்கத்தானே செய்யும் மகள்" என்பார். சென்ற வருடம் உம்மா அவரை நெஞ்சு நோய் கிளினிக்குக் கூட்டிப்போனபோது நானும் போனேன். டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருசம் விறகில சமைச்சீங்க?" என்பதுதான். பிறகு ஒரு குழாயில் பலமாக ஊதச் சொன்னார்கள். நல்ல நுரையீரல் உள்ளவர் ஊதும் காற்றில் பத்தில் ஏழு பங்குக்கும் மேல் முதல் ஒரு செக்கனிலேயே வெளியேறிவிட வேண்டும். உம்மும்மாவுக்கு அதில் பாதிதான் வந்தது. 'வயசு போனா' என்ற சொல், 'சுரங்கக்காரனின் தொய்வு' என்பதற்கு நாம் வைத்திருக்கும் மறுபெயர் என்று அன்று எனக்குத் தோன்றியது.

இந்நோய் ஏன் இவ்வளவு பிந்தித் தெரிகிறது? நமக்கு 300 மில்லியனுக்கும் மேற்பட்ட சிற்றறைகள் உள்ளன. சும்மா இருக்கும்போது அவ்வளவும் தேவைப்படுவதில்லை. ஆகவே பெரும் பகுதி பழுதாகும் வரை குறை தெரியாது. தெரியும்போது, போனது போனதுதான். மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றவும் இளைப்பைத் தணிக்கவும் மருந்து உதவும்.

எனவே சுரங்கச் சட்டத்தின் முறையை நாம் குசினியிலும் கையாளலாம். முதலாவது, புகையை உண்டாகும் இடத்திலேயே குறைப்பது: விறகை நன்றாகக் காயவைத்து மழை படாமல் அடுக்குங்கள், ஈரவிறகுதான் அதிகம் புகையும். அடுப்பு மூட்டப் பொலித்தீன் பைகளைக் கொளுத்தவே வேண்டாம். இரண்டாவது, புகையை வெளியே அனுப்புவது: புகைக்கூடு இருந்தால் அதில் அடைந்த கரியை அடிக்கடி தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எதிரெதிரே கதவும் யன்னலும் திறந்திருக்கட்டும். முற்றத்தில் ஒரு கொட்டில் போட்டுச் சமைக்க முடிந்தால் மிக நல்லது. மூன்றாவது, ஆளைப் புகையிலிருந்து விலக்குவது: கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூத வேண்டாம். முக்காட்டுத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வது நுண்ணிய புகையைத் தடுக்காது.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அதில் அடங்கும். இளைப்பு இருந்தால், கேட்காவிட்டாலும் விறகடுப்பைப் பற்றி டொக்டரிடம் சொல்லுங்கள்.

வாப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். வீடு கட்டும்போது முன்மண்டபத்துக்கும் மாபிளுக்கும் கணக்குப் பார்க்கிறோம். குசினியின் புகைக்கூட்டைக் கடைசிக்கு விட்டுவிடுகிறோம். வீட்டில் ஒருவர் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மூச்சுவிடும் இடம் அது. அதன் கணக்கை முதலில் பாருங்கள்.