நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சமா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கார் இறங்கும்போது, "நியூட்ரல்ல விடுங்க, பெட்ரோல் மிச்சம்" என்று பக்கத்து சீட்டிலிருந்து ஒரு யோசனை வரும். கார்புரேட்டர் காலத்தில் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்ஜெக்ஷன் கார்களில் கணக்கு தலைகீழ்.

கார்புரேட்டரில், என்ஜின் உறிஞ்சும் காற்றோடு பெட்ரோலும் சேர்ந்தே வந்துவிடும். கியரில் இறங்கும் வண்டியில் சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றுவதால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் கொஞ்சம் பெட்ரோல் செலவாகிக்கொண்டே இருக்கும். இன்ஜெக்ஷனில் பெட்ரோல் தானாக வராது. இன்ஜெக்டர் என்ற சின்ன வால்வு திறந்தால்தான் தூவும். என்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் விநாடிக்கு 20 முறை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம் திறந்து மூடும். திறக்கச் சொல்வது இசியூ என்ற கணினி.

நீங்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்ததை ஒரு சென்சார் சொல்கிறது. என்ஜின் இன்னும் வேகமாகச் சுழல்வதை இன்னொன்று சொல்கிறது. "சக்கரமே என்ஜினை இழுத்துக்கொண்டு போகிறது, பெட்ரோல் எதற்கு?" என்று இசியூ இன்ஜெக்டர்களை மூடியே வைத்துவிடும். அப்போது செலவு சுத்தமாகப் பூஜ்யம். சில கார்களில் மைலேஜ் காட்டும் திரை 99.9-ஐத் தொட்டு நிற்பது இதனால்தான்.

சுற்று குறைந்து ஐடில் வேகத்தை நெருங்கினால், என்ஜின் அணைந்துவிடாமல் இசியூ மறுபடி பெட்ரோலைத் திறந்துவிடும். எந்தச் சுற்றில் என்பது காருக்குக் கார் மாறும். என்ஜின் சூடேறாத காலைப் பொழுதில் இந்தப் பெட்ரோல் நிறுத்தம் பெரும்பாலும் நடக்காது.

நியூட்ரலில் போட்டால் சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அணையாமலிருக்க என்ஜின் தன் பெட்ரோலையே எரித்தாக வேண்டும். சின்ன காரில்கூட மணிக்கு அரை லிட்டருக்கு மேல் போகலாம். கூடவே என்ஜின் பிரேக்கும் போய்விடுவதால், வண்டியைத் தாங்கும் பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். பிரேக் சூடேறினால் பிடிப்பும் குறையும்.

"ஏறின கியர்லயே இறங்கு" என்பது மலைப்பாதை லாரி டிரைவர்களின் பழைய பாடம். அவர்கள் பிரேக்குக்காகச் சொன்னார்கள். இன்றைய காரில் அது பெட்ரோலுக்கும் சேர்த்தே பொருந்துகிறது.